நான்கு போல்ட் தலைகள்

சவரியப்பன் வீட்டுப் பின்பக்கத்தில் எட்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் சனிக்கிழமை பொழுது சாயும்போது நின்றது. மர மேடை முடிந்துவிட்டது. பாகலூர் ரோட்டில் போனவர்கள் நின்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்கள். "பரணைக் கொண்டுபோய் வெளியில கட்டியிருக்கிறாரு பாரு" என்று சிரித்தார்கள். சவரியப்பன் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து யார் சிரித்தாலும் அவருக்கு அது பொறாமைதான்.

மேடைக்குக் காரணம் பெங்களூர் சந்தியாகு. கட்டட காண்ட்ராக்டர். போன மாதம் மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர், வீட்டுக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "உக்கார எடமே இல்லியே சம்பந்தி, ஆட்டுப்பட்டில அடைச்ச மாதிரி கீது" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சவரியப்பனும் சேர்ந்து சிரித்தார். பிறகு தன் மூன்று மாடி வீட்டைப் பற்றி சந்தியாகு அரை மணி நேரம் பேசினார். மூன்றாவது மாடியில் மகனுக்கும் மருமகளுக்கும் தனி அறை. ரோட்டைப் பார்த்து ஒரு பால்கனி. எல்லாம் அவரே நின்று கட்டியது.

அன்று சவரியப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இளவயதில் அவர் மத்திகிரியில் ஒரு துரை பங்களாவில் எடுபிடியாக இருந்தவர். துரைக்கு வீட்டை ஒட்டி மரத்தில் ஒரு மேடை. அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார். கோப்பையைக் கொண்டுபோய் வைத்ததற்கு மேல் சவரியப்பனுக்கும் அந்த மேடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முப்பது வருஷமாக மனசுக்குள் அதைத் தன் பேரில் பட்டா போட்டு வைத்திருந்தார்.

வீட்டின் முன்பக்கம் ரோட்டு மட்டம். பின்பக்கம் நிலம் ஏழடி இறங்கி வெறும் பாறையாகக் கிடக்கிறது. அந்தப் பாறைக்கு மேலே பதினெட்டடி நீளத்துக்கு மேடை. வெளி ஓரத்தில் நான்கு மரக் கால்கள். உள் ஓரத்தில் கால் கிடையாது. வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு நீளச் சட்டம். மேடையின் பாதி பாரம் அதன்மேல். அந்தச் சட்டத்தைச் சுவரோடு பிடித்துக்கொண்டிருப்பவை பதினொரு போல்ட்டுகள்.

பதினொன்று என்று ஜேம்ஸ் சொன்னான்.

ஜேம்ஸ் மூத்த மகன். பெங்களூரில் ஒரு மெஷின் தொழிற்சாலையில் ஆட்களை மேய்க்கும் சார்ஜ்மேன். மேடைக்கு வந்த மரம் முழுக்க அவன் லாரியில் அனுப்பிய பெட்டி மரம். வெளிநாட்டு மெஷின்களை வைத்து அனுப்பிய பெட்டிகளை உடைத்தது. கைப்பிடிப் பலகைகளில் இன்னும் கறுப்பு எழுத்துகள் இருந்தன. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி தலைகீழாகப் பாறையைப் பார்த்தது.

இளைய மகன் இன்னாசிமுத்துவும் அதே தொழிற்சாலையில்தான் நைட் ஷிப்டில் இருந்தான். உயரத்தில் ஓர் இரும்பு நடைபாதை. அதன் போல்ட்டுகளை இறுக்கிவிட்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவன் இறுக்கவில்லை; ஏறுவதற்கு ஏணியே கொடுக்கவில்லை. போடமாட்டேன் என்றான். மன்னிப்புக் கேள் என்றார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தக் கையெழுத்தை ஜேம்ஸ் போட்டான். ஆறே மாதத்தில் சார்ஜ்மேன் ஆனான். இன்னாசி தூக்கம் தாங்காமல் ஓடி வந்தவன் ஆனான். வீட்டில் அப்படித்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குப் பெங்களூர்க்காரர்கள் வருகிறார்கள். மகள் கிருபாராணிக்கு நிச்சயதார்த்தம்.

காலையில் எல்லாரும் பூசைக்குப் போனார்கள். இன்னாசி போகவில்லை. அம்மா அன்னமேரி அதற்காக வருத்தப்பட்டாள். மேடையைக் கழுவ ஆள் இருக்கிறதே என்று தோன்றியதும் வருத்தம் பாதியாகக் குறைந்தது.

அவன் நாலு குடம் தண்ணீர் ஊற்றினான். சுவரோரத்துத் தண்ணீர் இரண்டு கோடிகளிலும் சட்டத்தின் மேலேயே தேங்கி நின்றது. நடுவில் மட்டும் நிற்கவில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் இறங்கிக் காணாமல் போனது.

குனிந்து, காதில் செருகியிருந்த பீடியை எடுத்து அந்த இடுக்கில் நுழைத்தான். பீடி உள்ளே போய் விழுந்தேவிட்டது.

கீழே பாறைக்கு இறங்கினான். ஒரு கல்லைப் புரட்டிப் போட்டு ஏறி நின்றான். பதினொரு போல்ட் தலைகளும் வரிசையாக, கறுப்பு வர்ணம் பூசிக்கொண்டு, சட்டத்தில் உட்கார்ந்திருந்தன. முதல் நான்கும் அசையவில்லை. ஐந்தாவதை விரலால் திருப்பினான். சட்டைப் பொத்தான் மாதிரி திரும்பியது. இழுத்தான். தலையும், அதோடு இரண்டு அங்குல வாலும் கையோடு வந்தன. ரம்பத்தால் அறுத்த முனை பளபளவென்று இருந்தது.

ஆறு, ஏழு, எட்டு. மூன்றும் அதே கதை.

வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்தான். ஒவ்வொரு போல்ட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, இரும்புப் பட்டையோடு நட்டு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இடது பக்கம் நான்கு நட்டுகள். வலது பக்கம் மூன்று. நடுவில் ஆறடிக்குச் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். அதில் திரு இருதய ஆண்டவர் படம். அதற்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி விளக்கு.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

அது சாமியார் வந்து மந்திரித்து ஸ்தாபகம் பண்ணிய படம். அதை இடம் மாற்றக் கூடாது, அந்தச் சுவரில் ஆணி கூட அடிக்கக் கூடாது என்பது அன்னமேரியின் கட்டளை. சாமியார் அப்படி எதுவும் சொல்லவில்லை. அப்பா பதினொரு போல்ட் போடு என்றார். அம்மா இந்தச் சுவரில் ஓட்டை போடாதே என்றாள். ஜேம்ஸ் அப்பாவுக்குப் பதினொன்றும் அம்மாவுக்கு ஏழும் போட்டுவிட்டான். இரண்டு பேருமே அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

பூசை முடிந்து முதலில் வந்தவள் கிருபாராணி. இருபத்தைந்து வயது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து நின்றுபோனது. இது மூன்றாவது.

இன்னாசி ஒரு போல்ட் தலையை அவள் உள்ளங்கையில் வைத்தான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெறும் சுவரைக் காட்டினான். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது மாதிரி எத்தன, சின்னண்ணா?"

"நாலு. நாலும் நடுவுல. அங்கதான் நாற்காலி போடப் போறாங்க."

"விழுமா?"

"ரெண்டு பேரு உக்காந்தா தாங்கும். இருபது பேரு நெருங்கி நின்னா சட்டம் சுவத்த விட்டுப் பிரிஞ்சி வந்துடும். கீழ பாறை."

ஜேம்ஸ் வந்தான். புது பேண்ட், காலர் விறைப்பான சட்டை, தலையில் வழியும் எண்ணெய். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவன் முகம் மாறவில்லை. மாறாத முகம்தான் அவனுக்கு வாய்த்த ஒரே திறமை.

"புடுங்கிட்டானா? எல்லாம் புடுங்கத்தான் தெரியும் இவனுக்கு."

"நீ வெக்கவே இல்லயே, எங்கிருந்து புடுங்கறது?" என்றான் இன்னாசி.

"டேய், ஏழு போல்ட்டு யானையத் தாங்கும்."

"யானை கோடில நின்னா தாங்கும்."

"ஒரு மணி நேரம்டா. காப்பி குடிப்பாங்க, போட்டோ புடிப்பாங்க, போய்டுவாங்க. நாளைக்கு நானே பாத்துக்கறன். ஏணி குடுக்கலன்னு வேலைய விட்டவன், நீ எனக்குச் சொல்ல வந்துட்ட."

சவரியப்பன் கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் சட்டத்தைப் பார்க்கப் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பா, நாராயணப்பன் கொல்லையில வேலிக்கு எறக்கின கல்லுக் கம்பம் கிடக்குது" என்றான் இன்னாசி. "ரெண்டக் கொண்டாந்து சட்டத்துக்கு அடியில நடுவுல முட்டுக் குடுத்தா போதும். நாலு ஆளு இருந்தா அரை மணி நேர வேலை."

"கல்லுக் கம்பமா? மாட்டுக் கொட்டாய்க்கு நடறதா?"

"கீழ எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்பா."

"பாப்பாங்கடா. சந்தியாகு பாப்பாரு. கல்லு குடுத்து நிறுத்தி வெச்சிருக்கறான்னு பெங்களூர் போற வரைக்கும் சிரிப்பாரு." பெண் பக்கம் திரும்பினார். "கிருபா, இது மூணாவது எடம். நீ வாயத் தொறந்தீன்னா இதுவும் நின்னுடும். அப்பறம் காலம் பூரா எங்க கூடயே இரு. யோசிச்சிக்க."

பாறையில் யாராவது விழுவார்களா என்று அவர் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

இன்னாசி பக்கத்து வீட்டு நாராயணப்பன் கொல்லைக்கு ஓடினான். நாராயணப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பல்லில் வேப்பங்குச்சி வைத்திருந்தார். விஷயம் முழுவதையும் ரசித்துக் கேட்டார்.

"அன்னைக்கு நானா வந்து கம்பம் தரன்னு சொன்னனே, உங்கப்பன் என்ன சொன்னாரு தெரியுமா? இது பங்களா வேலை, உன் மாட்டுக்கல்லு வேணாம்னாரு. பத்து பேரு முன்னால."

"தப்புதாங்க. இப்ப நான் கேக்கறன்."

"நீ கேட்டா? வேலைய விட்டுட்டு வந்தவனெல்லாம் கேட்டா குடுக்கறதுக்கா வெச்சிருக்கறன்? அவரே வந்து கேக்கட்டும்."

"ஆளுங்க விழுந்துடுவாங்கய்யா."

"விழட்டுமே" என்றார் நாராயணப்பன், குச்சியை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு. "வந்து தூக்கி விடறன்."

அவன் திரும்பி வந்தபோது வாசலில் வேன் நின்றது. கூடவே ஒரு காரும்.

பெங்களூர்க்காரர்கள் பதினேழு பேர். பட்டுப்புடவைகளும் சென்ட் வாசனையும் ஒரு டிரான்சிஸ்டரும் இறங்கின. சந்தியாகு வெற்றிலையை மென்றுகொண்டு, யாரையும் பார்க்காமல் கும்பிட்டார். அவர் மனைவி மேரிராணி கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டுத்தான் உட்காருகிற ரகம். மாப்பிள்ளை பிரகாசம் அப்பாவின் கட்டட வேலைகளைக் கவனிக்கிறவன். எதற்கு என்ன கேட்டாலும் முதலில் அப்பாவைப் பார்ப்பான்.

"வாங்க, வாங்க. பின்னால போலாம். காத்து வரும்" என்றார் சவரியப்பன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எட்டு நாள் வேலை.

போட்டோக்காரர் முன்னமே பாறையில் இறங்கி முக்காலியை நிறுத்தியிருந்தார். மேடையில் சுவரை ஒட்டி நடுவில் நான்கு நாற்காலிகள். கூட்டம் பின்வாசலுக்கு வந்தது.

வாசற்படியில் கிருபாராணி நின்றாள். மணப்பெண் அங்கே நிற்கக் கூடாது. தலை குனிந்து உள்ளே இருக்க வேண்டும். அவள் தலை நிமிர்ந்து, இரண்டு கைகளையும் நிலைக்கால்களில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, எங்க ஊட்ல ஒரு வழக்கம். புதுசா எது கட்டினாலும் கட்டினவங்கதான் முதல்ல அதுல ஏறி நிக்கணும். அப்பா, அம்மா, பெரியண்ணா. அப்பறந்தான் விருந்தாளிங்க."

அப்படி ஒரு வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. எந்த வீட்டிலும் கிடையாது.

"நல்ல பழக்கமா கீதே" என்றார் சந்தியாகு. "ஆவட்டும்."

சவரியப்பன் மகளை ஒரு பார்வை பார்த்தார். நேராக நடந்து போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். காலை ஆட்டினார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே உட்கார்ந்தார். அதைத் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் சிரிப்பதை விட விழுவது கௌரவம் என்று நம்புகிற ஆள் அவர். அன்னமேரிக்குச் சட்டம் எது, போல்ட் எது என்று தெரியாது. புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஜேம்ஸ் மேடையில் இரண்டடி எடுத்து வைத்தான். கோடியில், நட்டு போட்டு இறுக்கிய மூன்று போல்ட்டுகளுக்கு நேர் மேலே, கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், நடுவுக்கு வாங்க" என்று கீழேயிருந்து போட்டோக்காரர் கத்தினார்.

"இங்கயே இருக்கறன். எனக்கு போட்டோல்லாம் புடிக்காது."

அவன் டிரங்குப் பெட்டியில் அவனுடைய போட்டோக்கள் மட்டும் முப்பது இருக்கின்றன.

"வாண்ணா" என்றாள் கிருபாராணி. "அப்பா பக்கத்துல நில்லு. நீதான கட்டின?"

"கால் சுளுக்கியிருக்குது."

"பூசைக்கு நடந்துதான வந்த?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஜேம்ஸ் ஜன்னல் கம்பியை விடவில்லை. அப்போது சவரியப்பன் எரிச்சலோடு நாற்காலியை முன்னால் இழுத்தார். சட்டத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அன்னமேரியின் தோளில் விழுந்தது. அவள் பூவைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டாள்.

சந்தியாகு சத்தம் வந்த இடத்தைப் பார்க்கவில்லை. ஜேம்ஸின் காலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். வாயில் வெற்றிலை நின்றது.

"துப்பிட்டு வரன்" என்று பக்கப்படியில் பாறைக்கு இறங்கினார். ஜேம்ஸும் பின்னாலேயே இறங்கினான். சுளுக்கு சரியாகிவிட்டது போலிருக்கிறது.

விருந்தாளிகள் கூடத்தில் காத்திருந்தார்கள். நடு நாற்காலியிலிருந்து சவரியப்பன் தூரத்தில் நின்ற போட்டோக்காரருக்குச் சத்தமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கிருபாராணி வாசற்படியைத் தாண்டி மேடையில் ஓரடி வைத்து நின்றாள். பெட்டிப் பலகைகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி. அவள் காலுக்கு நேர் கீழேயிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது.

"தம்பி, நடுவுல கீறது தலை மட்டுந்தானே?"

செருப்பு பாறையில் தேயும் சத்தம்.

"என்னாத்துக்கு முழிக்கிற? நான் பாக்காத தலையா? போன வருஷம் ஒரு மாடி வராண்டா முடிச்சிக் குடுத்தன். இன்ஜினியர் வந்தான், கீழ நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனான், கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்டான். பாதிக்குப் பாதி தலைதான்." சிரிப்பு. காறித் துப்பும் சத்தம். "வர்ணமெல்லாம் பூசி சுத்தமா வெச்சிருக்கற. உன்னாட்டம் ஆளுதான் எனுக்கு வோணும். கல்யாணம் முடியட்டும், எங்கிட்ட வந்துடு."

"சரிங்க மாமா" என்றான் ஜேம்ஸ்.

அதுவரை அவன் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சந்தியாகு மேலே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "வெயிலு ஜாஸ்தியா கீது. எல்லாரும் முன்வாசல்லயே உக்காரலாம். மேடை ரொம்ப ஜோரு சம்பந்தி! நம்ம பெங்களூர்ல கூட இப்பிடி இல்ல. மூத்தவரு கெட்டிக்காரரு."

சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு நாள் கட்டிய மேடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். அதற்குள் துரை ஆகியிருந்தார்.

கூட்டம் முன்பக்கம் போனது. நாற்காலிகளும் போயின. யாரும் விழவில்லை. எல்லாருக்கும் திருப்தி. இன்னாசி மட்டும் காலியான மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா சின்னண்ணா, தப்பிச்சாங்க" என்றாள் கிருபாராணி.

"நீதான் தப்பிக்க வெச்ச."

"இவங்க சரி. நான் போய் இருக்கப் போற ஊட்டத்தான் நெனக்கறன்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. கீழே கேட்டதை நாலே வரியில் சொன்னாள். அவன் வாயைத் திறப்பதற்குள் முன்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

முன்வாசலில் பந்தல் இல்லை. ரோட்டுப் புழுதியும் எதிர் வீட்டு எருக்குழியின் வாடையும் இருந்தன. எதை மறைக்க மேடை கட்டினாரோ அத்தனையும் சவரியப்பனுக்கு முன்னால் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. உபதேசியார் சின்னதாக ஒரு செபம் சொல்லி முடித்தார். தட்டு மாற்றினார்கள். மேரிராணி மோதிரப் பெட்டியைத் திறந்தாள். மாப்பிள்ளை பிரகாசம் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"கையக் குடும்மா."

கிருபாராணி வலது கையை நீட்டினாள். மூடியிருந்தது.

"கூச்சப்படுது பொண்ணு" என்றாள் மேரிராணி. "விரிம்மா."

விரித்தாள். உள்ளங்கையில் கறுப்பு வர்ணம் பூசிய போல்ட் தலை. அதோடு அறுத்த வால்.

மேரிராணி தேளைப் பார்த்த மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். சந்தியாகு புதிதாகப் போட்ட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். ஜேம்ஸ் எல்லாருக்கும் பின்னால், வேன் பக்கமாக நகர்ந்தான்.

கிருபாராணி அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. பிரகாசத்தைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாம இருக்கப் போற மூணாவது மாடி பால்கனில இது எத்தன இருக்குது?"

சின்னக் கேள்வி. ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். என்ன கேள்வி இது என்று கோபப்பட்டிருக்கலாம். பிரகாசம் வாயைத் திறந்தான். வார்த்தை வருவதற்கு முன்னால் கழுத்து திரும்பியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

கிருபாராணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மூடிக்கொண்டாள்.

மேரிராணியின் இரண்டு விரல்களுக்கு நடுவே மோதிரம் அப்படியே நின்றது. ரோட்டில் போன ஒரு மாட்டு வண்டிக்காரர் வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்தினார்.

"கையத் தொறடி" என்றார் சவரியப்பன்.

அவள் திறக்கவில்லை.